பேசாத அப்பாவும் மகனும்: ஒரு ஷாட்டைச் சரிசெய்த விதம்

ஒரே வீட்டில் இருந்தும் பேசிக்கொள்ளாத அப்பா, மகன். குறும்படத்தில் இதற்கு வசனமே கிடையாது, படம்தான் சொல்ல வேண்டும். ஆனால் 85 எம்எம் லென்ஸில் தள்ளி நின்று எடுத்ததில் தூரம் சுருங்கி, இருவரும் ஒட்டி உட்கார்ந்து ஜாலியாக டிவி பார்ப்பது போல இருந்தது, போதாக்குறைக்கு டியூப்லைட் ஃப்ளிக்கர் (வெளிச்சம் துடிப்பது) வேறு. ஃப்ளிக்கர் சுலபம்: நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதோடு ஒத்துப்போகும்படி நொடிக்கு 25 ஃப்ரேமில் ஷட்டரை 1/50 நொடியில் வைத்ததும் போய்விட்டது.

அப்புறம் ஹால் விளக்கை அணைத்துவிட்டு, அப்பாவைச் சமையலறைக்குள் அங்கிருந்த விளக்கு வெளிச்சத்தில் உட்கார வைத்தேன். மகன் இருட்டான ஹாலில். அகலமாகக் காட்டும் 24 எம்எம் லென்ஸை மாட்டி மகனுக்குக் கிட்டப் போனதும் அப்பா எங்கோ தொலைவில் சின்னதாகத் தெரிந்தார், கதவு நிலை அவரைச் சட்டம்போட்டுத் தனியாகப் பிரித்துவிட்டது. பின்னணியை மங்கலாக்கினால்தான் சினிமா என்பதில் எனக்கு உடன்பாடில்லை; இங்கே இருவருமே தெளிவாகத் தெரிந்தால்தான் அந்த இடைவெளி உறுத்தும். அதனால் லென்ஸ் துளையைச் சின்னதாக்கி எஃப் 8 வைத்தேன்; குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றினேன். படத்தில் கொஞ்சம் நாய்ஸ் (புள்ளி புள்ளியாகத் தெரிவது) வந்தது, எடிட்டில் குறைத்தாயிற்று.