எபிரெயப் பொருட்பெயர்களைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

எபிரெய எழுத்துகள் 22-ஐயும் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும், இதைத் தொடரலாம். பழைய ஏற்பாட்டில் வரும் சாமான்களின் பெயர்களை அர்த்தத்தோடு மனப்பாடம் செய்து, ஒரே வாரத்தில் மறந்த பிறகு நான் கண்டுபிடித்த வழி இது.

படி 1: தலையில் இருக்கும் மேமைக் கழற்றுங்கள்

நாம் வினைக்கு வால் ஒட்டிப் பொருளுக்குப் பெயர் வைக்கிறோம்: மூடு, மூடி, துடை, துடைப்பம். எபிரெயம் பல நேரம் தலையில் ஒட்டும். ஒட்டுகிற எழுத்து மேம், அதாவது நம் 'ம'. அதைக் கழற்றினால் மூன்று மெய்யெழுத்து மிஞ்சும். அதுதான் வேர்.

நியாயாதிபதிகள் 3:25-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா எக்லோன் மேலறையில் செத்துக் கிடக்கிறான். வேலைக்காரர்கள் காத்திருந்து பார்க்கிறார்கள், கதவைத் *திறக்கிறவன்* (போதேயஹ்) இல்லை. *திறவுகோலை* (மஃப்தேயஹ்) எடுத்துத் *திறக்கிறார்கள்* (வய்யிஃப்தாஹு). பே, தாவ், ஹேத் என்ற ஒரே வேர் ஒரே வசனத்தில் மூன்று முறை! தமிழிலும் 'திற' அப்படியே ஒட்டி வருவது நமக்கு வசதி.

மேம் வந்தாலே கருவி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பலிபீடத்துக்குப் பெயர் மிஸ்பேயஹ். ஸாவஹ் என்றால் பலியாக அறுப்பது, ஆகவே இது அறுக்கும் இடம். (தூபபீடத்துக்கும் இதே பெயர்தான். அங்கே எதையும் அறுப்பதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.) ஆகல் என்றால் சாப்பிடுவது. அதில் பிறந்த மஅகால் சாப்பாடு, மஅகெலெத் கத்தி. ஆதியாகமம் 22-இல் ஆபிரகாம் கையில் எடுப்பது இந்த மஅகெலெத்தைத்தான். இடமா, கருவியா, செய்யப்படும் பொருளா என்பதை வசனத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

படி 2: இரண்டே எழுத்து மிஞ்சினால்

நான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டது இங்கேதான். 'மதான்' (பரிசு) என்று நோட்டில் எழுதியிருந்தேன். மேமைக் கழற்றினேன். தாவ், நூன் மட்டும் மிச்சம். மூன்றாவது எழுத்து எங்கே? 'மசா' (சுமை) என்ற சொல்லிலும் அதே கதை.

தப்பு என் நோட்டில் இருந்தது. அச்சில் அந்த இரண்டாம் எழுத்தின் வயிற்றுக்குள் ஒரு புள்ளி இருக்கிறது. தாகேஷ் என்பார்கள், எழுத்தை இரட்டித்து வாசி என்று அர்த்தம். நான் அதைப் பொருட்படுத்தாமல் ஒற்றையாக எழுதிவைத்திருந்தேன். சரியாக எழுதினால் மத்தான், மஸ்ஸா. வேரின் முதல் எழுத்தான நூன், அடுத்த எழுத்துக்குள் கரைந்துபோய், இரட்டிப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. நூனைத் திரும்ப வைத்துப் பாருங்கள்: நாத்தன் (கொடு), நாசா (தூக்கு). கொடுப்பது பரிசு, தூக்குவது சுமை. இவ்வளவுதான்!

ஏசாயா 13-இல் பாபிலோனைப் பற்றித் தமிழ் வேதாகமம் 'பாரம்' என்று சொல்வதும் இந்த மஸ்ஸாதான். குரலை எழுப்புவதற்கும் நாசா என்ற வினையே வருவதால், இதைத் தீர்க்கதரிசன உரை என்று எடுப்பவர்களும் உண்டு.

ஆகவே தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்தால் இரட்டிப்பை விடாதீர்கள். நமக்கு ஒற்று போடத் தெரியும், அதைப் பயன்படுத்தலாமே.

அகராதி விஷயத்தில் என் ஓட்டு 1906-இல் வந்த பிரவுன்-டிரைவர்-பிரிக்ஸுக்கு. வேர்வாரியாக அடுக்கியிருப்பதால் ஆரம்பத்தில் எரிச்சல் வரும். ஆனால் நாத்தன் பக்கத்தைத் திறந்தால் அதன் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். ஸ்ட்ராங் எண்ணை (மூலச் சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுத்த வரிசை எண்) தட்டி அர்த்தம் பார்ப்பது வேகம்தான். குடும்பம் மட்டும் கண்ணில் படாது.

பின்சேர்க்கை: மோஷாவ் (இருக்கை) இந்த விதிக்குள் வரவில்லையே என்று கருத்துப்பெட்டியில் இரண்டு பேர் கேட்டார்கள். நியாயம். மேமுக்குப் பின் 'ஓ' ஒலித்து அங்கே வாவ் நின்றால், நூனை விட்டுவிட்டு யோத் போட்டுப் பாருங்கள்: யாஷவ், உட்கார். 'உப்புக்கு வேர் என்ன?' என்று இன்னொருவர் கேட்டார். மெலஹ் என்பதில் மேம் சொந்த எழுத்து. கழற்றக் கூடாது.

படி 3: உடம்பைத் தேடுங்கள்

மேம் இல்லாத பெயர்கள் பல உடம்பிலிருந்து வந்தவை. கஃப் என்றால் உள்ளங்கை. எண்ணாகமம் 7-இல் பத்துச் சேக்கல் பொன் கரண்டிக்கும் அதே பெயர். யோசுவா 7-இல் ஆகான் ஒளித்துவைத்த பொன்பாளம் மூலத்தில் பொன் 'நாக்கு' (லாஷோன்). எக்லோனைக் குத்திய ஏகூதின் கத்திக்கு இரண்டு வாய் (நியாயாதிபதிகள் 3:16). தமிழில் இருபுறமும் கருக்கு என்கிறோம். வாய் இருந்தால் சாப்பிடும் அல்லவா? மஅகெலெத்தை இப்போது மறுபடி பாருங்கள்.

அப்புறம், மன்னாவிடம் இந்த வேலையைக் காட்டாதீர்கள். எபிரெயத்தில் அது மான்: மேம், நூன், அவ்வளவே. புள்ளியும் இல்லை, வாவும் இல்லை. நூனை முன்னால் போட்டு, யோத் போட்டு, நடுவில் வாவ் போட்டு ஒரு மதியம் முழுக்க வீணடித்தேன். யாத்திராகமம் 16:15-இலேயே விடை இருந்தது. காலையில் தரையில் கிடந்ததைப் பார்த்து ஜனங்கள் 'மான் ஹூ?' என்று கேட்டார்கள். 'இது என்ன?' என்ற கேள்வியையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.