ஹமுராபி சட்டம்: கட்டுரையில் விடக்கூடாத பிழைகள்

பண்டைய பாபிலோன் மன்னன் ஹமுராபி என்றதும் உயர்தரப் பிள்ளைகளின் பேனாவில் முதலில் வருவது ‘கண்ணுக்குக் கண்’. அது பாதிதான் சரி. 196ஆம் பிரிவு உயர்குடியானின் கண்ணுக்கு மட்டுமே அப்படிச் சொல்கிறது. அடுத்த நிலையில் இருந்த ‘முஷ்கேனும்’ ஒருவனின் கண் போனால் 1 மினா வெள்ளி, ஏறக்குறைய அரைக் கிலோ. அடிமையின் கண்ணென்றால் அவன் விலையில் பாதி. ‘சட்டத்தின் முன் யாவரும் சமம்’ என்று எழுதவே கூடாது.

உலகின் முதற் சட்டத் தொகுப்பும் இதுவல்ல. சுமேரிய மன்னன் ஊர்-நம்முவின் சட்டம் சுமார் 300 ஆண்டு மூத்தது. அதில் கண்ணுக்குத் தண்டம் அரை மினா வெள்ளி. பழிக்குப் பழியில் தொடங்கி நீதி தண்டப்பணத்துக்கு ‘வளர்ந்தது’ என்ற வசனம் இதோடு அடிபட்டுப் போகிறது.

பலரும் தாண்டிப் போவது 53 முதல் 56 வரையான பிரிவுகளை. துருசும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த வன்னிப் பிள்ளைக்கு இதைவிட இலகுவான பகுதி ஏது? ஒருவன் தன் அணையைப் பேணாமல் விட்டு, அது உடைத்து வயல்கள் அழிந்தால், போன தானியத்தை அவனே ஈடுசெய்ய வேண்டும். முடியாவிட்டால் அவனையும் அவன் உடைமைகளையும் விற்று, நட்டப்பட்ட கமக்காரர் வெள்ளியைப் பங்கிடுவர். வாய்க்காலைத் திறந்துவிட்டுக் கவனியாமல் இருந்து பயிர் மூழ்கினால், அயல்வயல் விளைச்சலளவு தானியம். பண்படுத்திய வேலையைத் தண்ணீர் கழுவிப் போனால் 1 பூர் நிலத்துக்கு 10 கூர் தானியம். பூர் ஏறத்தாழ 16 ஏக்கர், கூர் சுமார் 300 லீற்றர். எங்கள் கணக்கில் ஏக்கருக்கு ஐந்து புசல் சொச்சம். (நெல்லென்று எழுதிவிடாதீர்கள், அங்கே விளைந்தது பார்லி.)

இந்தச் சட்டம் பொறித்த கல்லின் உச்சியில் சூரியக் கடவுள் ஷமாஷ் நீட்டுவது சட்டமல்ல, கோலும் வளையமும், ஆட்சியின் அடையாளங்கள். கல் கிடைத்த இடமும் பாபிலோன் அல்ல, இன்றைய ஈரானில் உள்ள சூசா.

நீதிபதிகள் கல்லைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதாகவும் எழுத வேண்டாம். அக்கால வழக்குகளை எழுதிய களிமண் பலகைகளில் நிற்பவை சாட்சி, எழுத்து ஒப்பந்தம், தெய்வத்தின் பேரில் சத்தியம். இந்தத் தொகுப்பை அவை மேற்கோள் காட்டுவது மிக அரிது.

சீர்திருத்தம் பற்றிக் கேட்டால் ‘மீஷாரும்’ எனும் அரச கட்டளைகளுக்குப் போங்கள். ஹமுராபி வழிவந்த அம்மிசதூக்காவின் கட்டளை தானிய, வெள்ளிக் கடன்களைத் தள்ளுபடி செய்தது. வணிகக் கூட்டு முதலீட்டைத் தொடவில்லை. வட்டிக் கடனை வியாபாரக் கொடுக்கல்வாங்கல்போல் பலகையில் மாற்றி எழுதி அறவிடப் பார்த்தவன் ஆறு மடங்கு திருப்பிக் கொடுக்க வேண்டும், இயலாவிட்டால் மரணம்.