போன் தொலைவதற்கு முன்னால் சிம்முக்கு ஒரு பூட்டு

பண்ணாரி குண்டம் (தீமிதித் திருவிழா) அன்று கூட்டத்தில் என் மாமாவின் சட்டைப் பையில் இருந்த போனை யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். "பேட்டர்ன் போட்டு வெச்சிருக்கேன், ஒண்ணும் பண்ண முடியாது" என்று அவர் தைரியமாகத்தான் இருந்தார். பொழுதோட, கோபியில் இருக்கிற சின்னம்மாவுக்கு மாமாவின் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் சேதி: "டியர், அவசரம், 5,000 அனுப்பு." சின்னம்மா உடனே என்னைக் கூப்பிட்டுவிட்டார். "எங்கண்ணன் என்னைய அம்மிணின்னுதான் கூப்பிடும், இதென்ன புதுசா டியருங்குது?" அதற்குள் பெருந்துறையில் ஒரு பங்காளி பணத்தைப் போட்டுவிட்டார்.

எடுத்தவன் போனைத் திறக்கவே இல்லைங்க. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டான், வாட்ஸ்அப்பில் அந்த நம்பரைக் கொடுத்தான், ஓடிபி அந்த சிம்முக்கே வந்தது, குடும்பக் குரூப்பில் இருந்த எல்லோர் நம்பரும் கைக்கு வந்துவிட்டது. அதனால் எல்லோரும் கடைசியில் சொல்வதை நான் முதலில் சொல்கிறேன்.

1. சிம் லாக், அதாவது சிம்மை வேறு போனில் போட்டாலும் பின் எண் கேட்க வைக்கும் பூட்டு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய்த் தேடும் இடத்தில் 'சிம் லாக்' என்று அடியுங்கள். ஆன் செய்யும்போது பழைய பின் கேட்கும். அது சிம் கம்பெனி வைத்த எண், கஸ்டமர் கேரில் கேட்டுக்கொள்ளுங்கள், குத்துமதிப்பாக அடித்துப் பார்க்காதீர்கள். 3 தடவை தப்பானால் பியூகே என்று, சிம்மைத் திறக்க இன்னொரு எண் கேட்கும், அதையும் 10 தடவை தப்பாக அடித்தால் சிம் செத்தது, புதிதுதான் வாங்க வேண்டும். பின்னை மாற்றியதும் சிம்மைக் கழற்றி வீட்டில் கிடக்கும் பழைய பட்டன் போனில் போட்டுப் பாருங்கள். பின் கேட்டால் சரி. இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். (மாமா தன் புது பின்னைச் சீட்டில் எழுதிப் போன் கவருக்குள்ளேயே வைத்திருந்தார். போன வாரம்தான் பிடுங்கினேன்.)

2. வாட்ஸ்அப். செட்டிங்ஸில் அக்கவுண்ட், அதற்குள் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். 6 இலக்க எண் ஒன்று வைத்து, மெயில் ஐடியும் கொடுங்கள். மாமா இதை மட்டும் செய்திருந்தாலே பங்காளியின் பணம் தப்பித்திருக்கும்.

3. திரை லாக். பேட்டர்ன் வேண்டாம், விரல் இழுத்த தடம் கண்ணாடியில் அப்படியே தெரியும். 6 இலக்க பின் போடுங்கள், பிறந்த வருஷம் வேண்டாம். லாக் திரையில் மெசேஜ் தெரியாதபடி மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓடிபி படிக்க லாக்கைத் திறக்கவே தேவையில்லாமல் போய்விடும். கேலரியில் ஏடிஎம் கார்டை போட்டோ எடுத்து வைத்திருந்தால் இப்போதே அழியுங்கள்.

4. தேடும் வசதி. முன்பு ஃபைண்ட் மை டிவைஸ் என்றிருந்தது, 2025 முதல் ஃபைண்ட் ஹப். ஆன் செய்துவிட்டு, வீட்டில் இன்னொரு போனிலிருந்து ஒருமுறை தேடி ஒலிக்கவிட்டுப் பாருங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: கூகுள் உள்ளே விடுவதற்கு முன் தொலைந்துபோன அதே போனுக்கே சரிபார்ப்பு எண் (கோட்) அனுப்பலாம்! அதனால் டூ-ஸ்டெப் போட்டிருப்பவர்கள் கூகுள் அக்கவுண்டில் 10 பேக்கப் கோட் எண்கள் எடுத்துக் காகிதத்தில் எழுதி, பீரோவில் வையுங்கள். போட்டோக்களுக்கும் பேக்கப் போட்டுவிடுங்கள், 15 ஜிபி வரை சும்மாதான்.

5. ஐஎம்இஐ, அதாவது போனின் தனி அடையாள எண். *#06# அடித்தால் 15 இலக்க எண் வரும், இரண்டு சிம் போனில் இரண்டு வரும். கடை பில்லின் மேலேயே எழுதி வையுங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் கேட்பார்கள்.

சரி, போன் போயே போய்விட்டது. வேறு போனிலிருந்து முதலில் ஃபைண்ட் ஹப்பில் லாக் செய்யுங்கள். அவசரப்பட்டு டேட்டாவை அழிக்க வேண்டாம், அழித்துவிட்டால் அப்புறம் போன் எங்கே இருக்கிறது என்று அதில் பார்க்க முடியாது. அடுத்து கஸ்டமர் கேரில் சொல்லி சிம்மை நிறுத்துங்கள், பேங்குக்குக் கூப்பிட்டு யூபிஐயை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் கிரைம் உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள், அதுவும் உடனே, பணம் கைமாறிக்கொண்டே போவதற்கு முன்னால்.

அப்புறம் போலீஸ் புகார். அந்த நகல், பில், ஐஎம்இஐ எல்லாவற்றையும் வைத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சிஇஐஆர் பகுதிக்குப் போய் போனை பிளாக் செய்யலாம், பிளாக் ஆனால் நாட்டில் எந்த சிம் போட்டாலும் அதில் நெட்வொர்க் வராது. அங்கேயும் ஓடிபி கேட்கும். அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, அதைக் கணக்கில் வைத்து அன்றைக்கே சிம் கடைக்குப் போய்விடுங்கள்.

போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் அன்பிளாக் செய்தால்தான் ஓடும். சும்மா சிம்மைப் போட்டுப் பார்த்துவிட்டு, போன் கெட்டுவிட்டது என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.