ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களே, வீட்டைக் காலி செய்வதற்கு முன் இதைப் படியுங்கள்

வந்து இறங்கியதும் செய்ய வேண்டியதை உங்கள் கம்பெனியே சொல்லியிருக்கும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங், அதாவது நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது, அதற்கு வீட்டுக்காரரிடம் வாங்கும் உறுதிக் கடிதம், பிறகு தபாலில் வரும் வரி எண், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு. மாதம் 18.36 யூரோ வானொலி, டிவிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும், வீட்டில் டிவி இல்லை என்று தூக்கிப் போடாமல் கட்டிவிடுங்கள். இதெல்லாம் யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள். வாங்குவதையும் சேர்வதையும் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், விடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த ஊரில் பணம் போவது அங்கேதான்.

நம் ஊரில் வீட்டைக் காலி செய்வது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஓனரிடம் ஒரு மாதம் முன்னால் வாய்வார்த்தையாகச் சொல்லுவோம், கடைசி வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லுவோம், சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். இங்கே அந்த மூன்றில் ஒன்றும் செல்லாது. வீட்டை விடுகிறேன் என்று முறைப்படி எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்குக் கியூண்டிகுங் என்று பெயர். அது காகிதத்தில், பேனாவால் கையெழுத்துப் போட்டு, வீட்டுக்காரர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மின்னஞ்சல் செல்லாது, வாட்ஸ்அப் செல்லாது, கையெழுத்தை ஸ்கேன் செய்து அனுப்பினாலும் செல்லாது.

என்னோடு வேலை செய்யும் கோயம்புத்தூர்த் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டுட்கார்ட்டில் முதலில் கிடைத்த வீடு சின்னது, மனைவியும் வந்தபின் அலுவலகத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்துவிட்டான். அக்டோபர் நடுவில் பழைய வீட்டுக்காரருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டான், ஜனவரி கடைசியில் காலி செய்கிறோம் என்று. அவரும் "தகவலுக்கு நன்றி" என்று பதில் எழுதினார். அந்த நன்றியை நம்பி இவன் நிம்மதியாக இருந்துவிட்டான். டிசம்பரில் சாவி ஒப்படைக்கும் நாள் கேட்டபோதுதான், உங்களிடமிருந்து கியூண்டிகுங் எதுவும் வரவில்லையே என்று வீட்டு நிர்வாகத்திலிருந்து பதில் வந்தது. உடனே கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினான், அதுவும் திரும்பி வந்தது. ஒப்பந்தத்தில் மனைவி பெயரும் இருக்கிறது, கடிதத்தில் அவள் கையெழுத்து இல்லை. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கடிதம் போய்ச் சேர்வதற்குள் டிசம்பர் பாதி ஓடிவிட்டது. வீடு ஜனவரியோடு முடிய வேண்டியது மார்ச் 31 வரை இழுத்துக்கொண்டது, ஆள் இல்லாத வீட்டுக்கு இரண்டு மாத வாடகை தண்டம். அந்தக் காசில் அவன் அம்மாவையும் அப்பாவையும் கோடையில் இங்கே கூட்டிவருவதாக இருந்தான். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மார்ச் வரை ஏன் போனது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள், கணக்கே அதில்தான் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் கொடுக்க வேண்டிய அவகாசம் மூன்று மாதம். ஆனால் கடிதம் ஒரு மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும். நவம்பர் தொடக்கத்தில் அந்த நாளுக்குள் சேர்ந்தால் ஜனவரி 31-ஓடு முடியும். ஒரு நாள் தாண்டினாலும் பிப்ரவரிக் கடைசி. நீங்கள் தபாலில் போட்ட தேதிக்கு மதிப்பில்லை, அவர் பெட்டியில் விழுந்த தேதிக்குத்தான் மதிப்பு. நவம்பர் 1 ஸ்டுட்கார்ட், மியூனிக் பக்கமெல்லாம் விடுமுறை, அது வேலை நாளில் சேராது. இதையெல்லாம் எண்ணிக்கொண்டு உட்காராமல் முந்தைய மாதமே அனுப்பிவிடுவதுதான் நல்லது.

அனுப்புவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வாங்குபவர் கையெழுத்துப் போட வேண்டிய பதிவுத் தபால் வேண்டாம். அவர் வீட்டில் இல்லையென்றால் தபால்காரர் ஒரு சீட்டை மட்டும் வைத்துவிட்டுப் போவார், அவர் போய் வாங்காதவரை கடிதம் சேர்ந்ததாகாது. பெட்டியில் போட்டுவிட்டு அதைப் பதிவு செய்யும் ஐன்வுர்ஃப் ஐன்ஷ்ரைபன் என்று கேளுங்கள். பக்கத்திலேயே வீடென்றால் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு இதைக் கடைசியில் சொல்லிக்கொடுத்தவர் தமிழ்ப் பள்ளியில் பழக்கமான ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. "ரெண்டு பேரும் கையெழுத்து வச்சனீங்களோ, தம்பி?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அலமாரியிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்துக் காட்டினார். இதுவரை குடியிருந்த வீடு ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தம், கொடுத்த கடிதத்தின் நகல், அதன் முதுகில் பின் செய்த தபால் ரசீது என்று வரிசையாக வைத்திருக்கிறார். மொழி தெரியாமல் வந்து, கேட்க ஆளில்லாமல் இதையெல்லாம் தாங்களாகவே கற்றுக்கொண்டவர்கள் இவர்கள். பக்கத்தில் இப்படி ஒருவர் இருந்தால் வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள், நம்மைவிடப் பல மடங்கு தெரிந்தவர்கள்.

கடிதத்தில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். வீட்டு முகவரி, ஒப்பந்தத் தேதி, இன்ன தேதியோடு விடுகிறோம், அது பொருந்தாவிட்டால் சட்டப்படி அடுத்து வரும் தேதியோடு விடுகிறோம் என்று ஒரு வரி. அந்த இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். நாள் கணக்கில் நீங்கள் தவறியிருந்தாலும் கடிதம் வீணாகாமல் காப்பாற்றுவது அதுதான்.

நமக்குப் பதிலாகக் குடிவர மூன்று பேரைப் பிடித்துக் கொடுத்தால் வீட்டுக்காரர் நம்மை முன்கூட்டியே விட்டே ஆக வேண்டும் என்று அலுவலகத்தில் யாராவது சொல்லுவார்கள், அப்படி ஒரு சட்டம் கிடையாது. டெபாசிட்டை, அதாவது கௌத்சியோனை, கடைசி வாடகையில் கழிக்கவும் முடியாது. அது வீட்டைச் சரிபார்த்த பிறகு, சில மாதம் கழித்துத்தான் வரும்.

போன், இணையம், ஜிம் இவற்றில் இப்போது நிலைமை பரவாயில்லை, மின்னஞ்சலே போதும். இணையத்தில் எடுத்த ஒப்பந்தத்தை அங்கேயே முடிக்கும் பொத்தான் 2022 ஜூலையிலிருந்து கட்டாயம். வேலை அப்படியில்லை, அதை விடுவதற்கும் காகிதமும் கையெழுத்தும்தான். கம்பெனி உங்களைக் கூப்பிட்டு, இரு தரப்பும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று அவுஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக் ஒன்றை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். வேலையில்லாக் காலத்து உதவித்தொகை 12 வாரம் வரை நிறுத்தப்படலாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

புது வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கியூண்டிகுங்ஸ்ஃபெர்சிஹ்ட் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இத்தனை காலம் வீட்டை விடமாட்டேன் என்று நீங்களே எழுதிக் கொடுப்பது அது, நான்கு வருடம் வரைகூடப் போடலாம். இருந்தால் ஒரு வருடமாகக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் மீட்டர்ஃபெராயினில் சேருங்கள், குடியிருப்போர் சங்கம்தான் அது. வருட சந்தா கட்டினால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து ஆலோசனை சொல்லுவார்கள்.