டொராண்டோ பேஸ்மென்டில் மிளகாய், கத்தரி நாற்று: எந்த எல்இடி விளக்கு வாங்கலாம்?

விக்டோரியா டே வார இறுதி, அதாவது மே மூன்றாவது வாரம் வரைக்கும் டொராண்டோவில் மிளகாயையும் கத்தரியையும் வெளியே நட நான் துணிய மாட்டேன். ஓர் இரவுப் பனி போதும், எல்லாம் போய்விடும். மிளகாய், கத்தரிக்கு நடவுக்கு முன் எட்டு முதல் பத்து வாரம் வீட்டுக்குள் வளர்ச்சி வேண்டும். தக்காளிக்கு ஆறு முதல் எட்டு வாரம். ஆக, மார்ச்சில் விதை ஊன்றியாக வேண்டும். ஜன்னலோர வெளிச்சத்தை நம்பினால் கன்று கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, நூல் மாதிரி நீண்டு, தண்ணீர் ஊற்றியதும் படுத்துவிடும். அதனால்தான் விளக்கு.

மண் கலவை, விதை நேர்த்தி பற்றி இதில் ஒன்றும் இல்லை. விளக்கு மட்டும்.

படி 1: பெட்டியில் உள்ள எண்களில் எதை நம்புவது

ஆன்லைனில் தேடினால் முதலில் வருவது '1000 வாட்ஸ் க்ரோ லைட்'. அந்த ஆயிரம், விளக்கு இழுக்கும் மின்சாரம் அல்ல. பழைய வகை விளக்குகளுக்குச் சமம் என்று விற்பவர் தாமாகப் போட்டுக்கொண்ட எண். விவரப் பட்டியலின் அடியில் உண்மையான மின் நுகர்வு இருக்கும், பெரும்பாலும் 100 வாட்ஸ் பக்கம். அதை மட்டும் பாருங்கள். அந்த எண்ணே போடாத விளக்கை விட்டுவிடுங்கள்.

அடுத்து, ஊதா விளக்கு. இலைப் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சுகிறது என்பது உண்மைதான். அதை வைத்துத்தான் சிவப்பும் நீலமும் மட்டும் கலந்து செய்தார்கள். ஆனால் பச்சை ஒளியையும் செடி பயன்படுத்துகிறது, அது இலைக்குள் இன்னும் ஆழமாகவும் போகிறது. இன்றைய வெள்ளை எல்இடியே நீலச் சில்லின் மேல் பாஸ்பர் (நீல ஒளியில் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றும் பொருள்) பூசிச் செய்வதுதான். செடிக்கு வேண்டிய நிறம் எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு ஊதா பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு: அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, பூச்சி இருக்கிறதா என்று ஒன்றுமே தெரியாது.

படி 2: என்ன வாங்குவது

கராஜில் மாட்டுகிற 4 அடி எல்இடி ஷாப் லைட். ஹோம் டிப்போ, கனேடியன் டயர், கோஸ்ட்கோ எங்கும் கிடைக்கும். பார்க்க வேண்டியவை: உண்மையான நுகர்வு 40 வாட்ஸ் அளவில், ஒளி 4000 முதல் 5000 லூமென், நிறம் 4000 முதல் 6500 கெல்வினுக்குள். நீலம் சற்றுக் கூடுதலாக உள்ள குளிர் வெள்ளையில் கன்று குட்டையாக, தடித்து நிற்கும். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு வரவேற்பறைக்கு அழகு, நாற்றுக்கு வேண்டாம். சிஎஸ்ஏ, சியுஎல், சிஈடிஎல் என்ற மின் பாதுகாப்பு முத்திரைகளில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பக்கத்தில் தண்ணீர் புழங்கப் போகிறது.

லூமென் மனிதக் கண்ணுக்கான அளவு, செடிக்கானது அல்ல என்று யாராவது சொல்வார்கள். சரிதான். ஆனால் ஒரு வெள்ளை விளக்கை இன்னொரு வெள்ளை விளக்கோடு ஒப்பிட அது போதும்.

48க்கு 18 அங்குலக் கம்பி அலமாரியின் ஒரு தட்டில் வழக்கமான நாற்று ட்ரே நான்கு குறுக்காக வைக்கலாம், ஓரம் கொஞ்சம் வெளியே நீட்டும். அதற்கு இரண்டு ஷாப் லைட். மூன்று மாட்ட முடிந்தால் மிளகாய் இன்னும் நன்றாக வரும். ஒன்று போதாது.

கழுத்து வளையும் கிளிப் விளக்குகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரே ஒரு தொட்டிக்கு அது சரி, ஒரு ட்ரேக்குக் காணாது.

படி 3: உயரம்

பலருக்கும் நாற்று கெடுவது இங்கேதான். நல்ல விளக்கையே வாங்கியிருப்பார்கள், ஆனால் மேல் தட்டோடு ஒட்டி, இரண்டடி உயரத்தில் மாட்டியிருப்பார்கள். அறை பளிச்சென்று இருப்பதால் கன்றுக்கும் போதுமென்று தோன்றும். கண் இந்த விஷயத்தில் சுத்தமாக ஏமாற்றும். ஓரிடத்தில் விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நமக்கு வெளிச்சமாகத் தெரியும் வீட்டு அறையில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். தெளிந்த கோடை நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவு. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

அதனால் அளந்துவிடுங்கள். போனில் இலவச லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்குங்கள். ஆண்ட்ராய்டில் முன்பக்கக் கேமரா அருகே ஒளி உணரி இருக்கும். ஐபோன் செயலிகள் கேமராவை வைத்து அளப்பதால் எண் கொஞ்சம் அதிகமாகவே அலையும். போனைத் திரை மேலே பார்க்க, இலை இருக்கும் மட்டத்தில் வையுங்கள். நடுவில் ஒரு அளவு, நான்கு மூலையிலும் ஒவ்வொன்று.

எவ்வளவு வர வேண்டும்? கணக்கு இதுதான். செடிக்கான ஒளியை ஒரு சதுர மீட்டருக்கு ஒரு விநாடியில் எத்தனை மைக்ரோமோல் என்று அளப்பார்கள். குளிர் வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 70ஆல் வகுத்தால் அந்த எண் தோராயமாக வரும். 14,000 லக்ஸ் என்றால் 200. அதை 16 மணி நேரத்தாலும், பிறகு அலகு மாற்ற 0.0036ஆலும் பெருக்கினால் ஒரு நாளைக்கு 11.5 மோல். நாற்றுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மோல் இருந்தால் தாராளம். ஆகவே நடுவில் 12,000 முதல் 15,000 லக்ஸ் வரும்வரை விளக்கை இறக்குங்கள். இந்த வகை ஷாப் லைட்டில் அது பெரும்பாலும் இலைக்கு மேல் 4 முதல் 6 அங்குலத்தில் அமையும். போன் எண் துல்லியம் இல்லைதான். ஆனால் 3,000 காட்டுகிறதா 13,000 காட்டுகிறதா என்பதில் அது தவறாது.

மூலைகளில் குறைவாகத்தான் காட்டும். அலமாரியின் பக்கங்களில் வெள்ளை ஃபோம் போர்டு சாய்த்து வைத்தால் கொஞ்சம் ஏறும். வாரம் இரண்டு முறை ட்ரேக்களைத் திருப்பி இடம் மாற்றுங்கள்.

மாட்டுவதற்குச் சங்கிலியும் எஸ் கொக்கியும்தான் என் தேர்வு. கன்று வளர வளர ஒரு கண்ணி மேலே ஏற்றினால் முடிந்தது. கயிறு கட்டினால் முடிச்சு அவிழ்க்கச் சோம்பல்பட்டே விளக்கை நகர்த்தாமல் விட்டுவிடுவோம். அப்புறம், தக்காளியையும் மிளகாயையும் ஒரே விளக்கின் கீழ் வைக்காதீர்கள். தக்காளி விறுவிறுவென்று உயரும். அதற்காக விளக்கை ஏற்றினால் மிளகாய்க்குக் கிடைக்காமல் போகும். வேறு வழியில்லை என்றால் குட்டைக் கன்றுகளின் கீழே பழைய புத்தகத்தையோ பெட்டியையோ முட்டுக் கொடுங்கள்.

மண்ணுக்கும் விதையிலைக்கும் நடுவே தண்டு நீண்டால் ஒளி போதவில்லை. உச்சி இலை வெளுத்தால் விளக்கு மிக நெருக்கம், ஓர் அங்குலம் ஏற்றுங்கள். தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதா ஆனால் விளக்கைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் மண் குளிர்ந்து வேரால் பாஸ்பரஸ் எடுக்க முடியாததுதான் காரணம்.

படி 4: எப்போது போடுவது, எத்தனை மணி நேரம்

மிளகாய் விதை முளைக்க வெளிச்சம் தேவையில்லை, 25 முதல் 30 டிகிரி சூடு தேவை. எல்இடி அந்தச் சூட்டைத் தராது, அதனால் ட்ரேக்கு அடியில் வெப்ப விரிப்பு. முதல் முளை தலைகாட்டிய அன்றே விளக்கைப் போடுங்கள். மற்றவையும் வரட்டும் என்று காத்திருந்தால் முதலில் வந்தது அதற்குள் நீண்டுவிடும்.

தினம் 16 மணி நேரம், டைமர் வைத்து. 24 மணி நேரமும் எரியவிட்டால் சீக்கிரம் வளருமே என்று நினைக்க வேண்டாம்: தக்காளிக்கும் கத்தரிக்கும் இருட்டே இல்லாவிட்டால் இலை வெளிறிப் பழுதாகும்.

ஒன்டாரியோவில் இரவு மலிவுக் கட்டணத் திட்டத்தில் இருப்பவர்கள் இரவு 10 மணிக்குப் போட்டு மறுநாள் பகல் 2 மணிக்கு அணையுமாறு டைமரை வையுங்கள். வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரையான உச்சக் கட்டணத்தில் சிக்காது. பேஸ்மென்டில் இருக்கும் கன்றுக்கு இரவு எது, பகல் எது? இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 1.28 யூனிட்தான் ஆகும்.

பிற்சேர்க்கை: கருத்துப் பகுதியில் கேட்டவற்றுக்கு

விளக்குகளை ஒன்றோடொன்று கோர்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள். கோர்க்கும் வசதி உள்ள விளக்கென்றால் கோர்க்கலாம், எத்தனை வரை என்பது அதன் லேபிளில் இருக்கும். வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பவர் பாரைத் தரையில் போடாதீர்கள்.

சென்னையிலிருந்து ஒருவர் இதே விளக்கை வாங்கலாமா என்றார். மாடியோ வெயில் விழும் பால்கனியோ இருந்தால் வேண்டவே வேண்டாம். குழித்தட்டும் அதற்கு மேலே நிழல்வலையும் போதும், அந்தக் காசுக்கு நல்ல விதை வாங்குங்கள்.

மே மாதம் வெளியே கொண்டுபோனதும் இலை வெந்துவிட்டது என்று எழுதியவருக்கு: நடுப்பகல் வெயில் நம் விளக்கைப் போலப் பத்து மடங்கு வரை இருக்கும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள்.

நடவு முடிந்ததும் விளக்கைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டாம். குளிர் தொடங்கியதும் கறிவேப்பிலைத் தொட்டி உள்ளே வரும் அல்லவா, அதற்கும் இதுவே ஆகும். செடி உயரம் என்பதால் விளக்கைப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தி, தொட்டியை வாரத்துக்கு ஒருமுறை கால் சுற்று திருப்பிவிடுங்கள்.