வேகக் கணக்கில் கால் வழுக்கும் இடங்கள்

ஒரு ரயில் 150 கி.மீ. தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 10 கி.மீ. கூடுதலாக இருந்திருந்தால் 30 நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருக்கும். ரயிலின் வேகம் என்ன?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழக்கமான கணக்குதான். இருபடிச் சமன்பாட்டை அநாயாசமாகத் தீர்ப்பவர்கள்கூட இதில் மதிப்பெண்ணை விட்டுவிடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. ஏனென்றால் தவறு பெரும்பாலும் தீர்க்கும்போது வருவதில்லை. கேள்வியைச் சமன்பாடாக மாற்றும் அந்த ஒரு வரியிலேயே வந்துவிடுகிறது.

வேகம் x என்றால் ஆகும் நேரம் 150/x. வேகம் கூடினால் 150/(x+10). இதுவரை எல்லோரும் சரியாக வந்துவிடுவார்கள். அப்புறம் கழிக்க வேண்டும். x+10 பெரியது, அதனால் அந்த நேரமும் பெரியது என்று நினைத்து, 150/(x+10) − 150/x என்று எழுதுகிறார்கள். வேகம் கூடினால் நேரம் குறையும் என்பது அந்த அவசரத்தில் மறந்துபோகிறது. விளைவு, x²+10x+3000=0. இதற்கு மெய்யெண் மூலங்களே இல்லை. தேர்வு அறையில் கை அப்படியே நின்றுவிடும்.

கழித்தல் சரியாக இருந்தாலும் வலப்பக்கம் 30 என்று போட்டால் அடுத்த சிக்கல். வேகம் மணிக்கணக்கில் இருக்கிறது, நேரமும் மணியில்தான் இருக்க வேண்டும்; அங்கே வர வேண்டியது 1/2. 30 என்று போட்டால் x ஏறத்தாழ 3.66 வரும். ரயில் மணிக்கு மூன்றரை கி.மீ. சொச்சத்தில் போகுமா? நாம் சாதாரணமாக நடந்தாலே அதை முந்திவிடலாம்! விடை வந்ததும் இப்படி ஒரு நொடி யோசித்தால் போதும், தவறு தானாகக் கண்ணில் படும்.

சரியாக எழுதினால் x²+10x−3000=0, அதாவது (x−50)(x+60)=0. வேகம் எதிர்க்குறியில் வராது, எனவே 50. சரிபார்ப்போம்: 50-இல் போனால் 3 மணி நேரம், 60-இல் போனால் இரண்டரை. வித்தியாசம் அரை மணி.

1 மணி 20 நிமிடத்தை 1.20 என்று எழுதுவதும் இதே வகைத் தவறுதான். அது 4/3 மணி.

சராசரி வேகத்தில் பெரியவர்களே ஏமாறுகிறார்கள். போகும்போது 60, திரும்பும்போது அதே வழியில் 40, சராசரி 50 என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஒருவழித் தூரத்தை 120 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள். போக 2 மணி, வர 3 மணி. மொத்தம் 240 கி.மீ.க்கு 5 மணி. சராசரி 48. மெதுவாக வந்த நேரம் அதிகம், அதனால்தான் சராசரி 40-இன் பக்கம் சாய்கிறது.

ரயில் நடைமேடையைக் கடக்கும் கணக்கில் ரயிலின் நீளத்தை விட்டுவிடாதீர்கள். 150 மீட்டர் ரயில் 250 மீட்டர் நடைமேடையை 20 வினாடியில் கடந்தால், அது ஓடிய தூரம் 400 மீட்டர். கடைசிப் பெட்டியும் நடைமேடையைத் தாண்ட வேண்டுமே! வேகம் வினாடிக்கு 20 மீட்டர்; 18/5-ஆல் பெருக்கினால் மணிக்கு 72 கி.மீ.