சென்னை–லண்டன் எத்தனை மணி நேரம்? கணக்கு தவறும் இடங்கள்

ஒரு ஜனவரியில் அத்தை முதன்முறையாக லண்டனுக்குக் கிளம்பினார். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "காலைல அஞ்சரைக்கு ஏறினா பதினோரு மணிக்கு இறங்கிடலாம், அஞ்சரை மணி நேரந்தானே" என்றார். மதியச் சர்க்கரை மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைத்து, அதை செக்-இன்னில் போட்டுவிட்டார். ஆனால் அது பதினோரு மணி நேரப் பயணம். நம் ஊர் மதியத்தில் அவர் இன்னும் வானத்தில்தான் இருந்தார். மாத்திரை கீழே சரக்கறையில்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்; மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம். டிக்கெட்டில் ஏறும் நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியோடு போகும்போது அதைக் கூட்ட வேண்டும், திரும்பும்போது கழிக்க வேண்டும்.

அடுத்து, தூரம். சென்னையிலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் ஏறக்குறைய 8,230 கிலோமீட்டர். சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் கோடு சிரியா பக்கம் போகும். வீட்டில் உலக உருண்டை இருந்தால் அதில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பாகிஸ்தான் மேலே ஏறி, பாதி வழியில் காஸ்பியன் கடலைத் தொட்டு, உக்ரைன் வழியாக இறங்கும். ஸ்கேல் கோட்டைவிட அது சுமார் 250 கிலோமீட்டர் குறைவு. குறுக்கு வழி அதுதான்.

ஆனால் அந்த நூல் மேலேயே விமானம் பறக்க முடியாது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியில் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. மூடிய இடத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். அதனால் 8,230-ஐ மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து 'ஒன்பது மணி நேரம்' என்று சொல்லும் இணையக் கணிப்பான்களை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, நெரிசலில் ஹீத்ரோ மேலே வட்டமடித்துக் காத்திருப்பது எதுவும் அந்த வகுத்தலில் வராது.

காற்றையும் மறந்துவிடுகிறோம். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது, குளிர்காலத்தில் இன்னும் வேகமாக. லண்டன் போகும்போது அது எதிர்க்காற்று. திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும். அதனால் வரும் பயணம் பெரும்பாலும் ஒரு மணி நேரமாவது குறையும்.

அப்புறம், தேதி. '15-ஆம் தேதி அதிகாலை 1.50' என்றிருந்தால் 14-ஆம் தேதி ராத்திரி பத்தரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு வந்து நின்று, இன்று அதிகாலையே விமானம் போய்விட்டது என்று கேட்பதைவிடக் கொடுமை இல்லை. நள்ளிரவுக்குப் பிந்தைய டிக்கெட் என்றால் காலண்டரில் முந்தைய நாளை வட்டமிடுங்கள்.

துபாய், தோஹா வழியாகப் போனால் பறக்கும் நேரத்தோடு இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேருங்கள். மாத்திரை, இன்சுலின், மருத்துவர் சீட்டு மூன்றும் கைப்பையில், முழுப் பயணத்துக்கும் போதுமான அளவோடு இன்னொரு நாளுக்கும் சேர்த்து இருக்கட்டும். எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை என்பதைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு, இந்திய நேரத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கைக்கடிகாரத்தை இறங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம்.